பட்லரா, டிரைவர் மகளா, பிளம்பர் வீட்டுப் பெண்ணா?

பணக்கார வீடு ஒன்று. அங்கே வேலைக்கு வந்து சேரும் ஒருவர். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அவருக்கும், அல்லது அந்த வீட்டுப் பெண்ணுக்கும் அவருக்கும் காதல். இந்த மூன்று வரியை வைத்துக்கொண்டு ஹாலிவுட் 1930களிலிருந்து 1950கள் வரை நகைச்சுவைப் படங்களாக எடுத்துத் தள்ளியது. அத்தனையையும் பார்க்க யாருக்கும் நேரமில்லை. சனிக்கிழமை ராத்திரி ஒரே ஒரு படம். பக்கத்தில் உட்காரப் போகிறவர்களோ கறுப்பு வெள்ளை என்றாலே முகம் சுளிக்கிற ரகம். எதைப் போடுவது?

கடைசிச் சுற்றுக்கு என் கணக்கில் மூன்றுதான் வரும். 1936இல் வந்த ‘மை மேன் காட்ஃப்ரி’, 1946இல் வந்த ‘க்ளூனி பிரவுன்’, 1954இல் வந்த ‘சப்ரினா’. நான்காவதாக ‘தி ஃபார்மர்ஸ் டாட்டர்’ என்று 1947இன் படம் ஒன்று வாசலில் நின்று எட்டிப் பார்க்கிறது. முடிவைச் சொல்லாமல் இவற்றை ஒப்பிட வழியில்லை. கதை முன்கூட்டியே தெரிந்துவிடக் கூடாது என்பவர்கள் பேசாமல் ‘க்ளூனி பிரவுன்’ பார்த்துவிட்டு வந்து மீதியைப் படிக்கலாம்.

இந்த வகைப் படங்களை எடைபோட நான் கேட்கும் கேள்வி ஒன்றுதான். வேலைக்காரராக வருபவர் கடைசிவரை வேலைக்காரர்தானா? பாதிக்கு மேற்பட்ட படங்கள் இங்கேதான் நழுவுகின்றன. தட்டைத் தூக்கிக்கொண்டு நின்றவர் கடைசியில் பெரிய இடத்துப் பிள்ளையாகவோ மாறுவேடத்து முதலாளியாகவோ இருந்துவிடுவார். இரண்டு பக்கமும் பணம்தான் என்றானபிறகு கல்யாணத்துக்கு என்ன தடை? கதை எழுப்பிய பிரச்சினையைக் கதையே சுருட்டி மூலையில் வைத்துவிடும்.

‘மை மேன் காட்ஃப்ரி’யிலிருந்து தொடங்குவோம். கிரெகரி லா காவா இயக்கியது, யுனிவர்சல் தயாரிப்பு. அமெரிக்காவில் 1933இல் நான்கில் ஒருவருக்கு வேலையில்லை. வீட்டை இழந்தவர்கள் நகரத்து ஓரங்களில் தகரமும் பலகையும் வைத்துக் குடிசை போட்டுக்கொண்டார்கள். ‘மறக்கப்பட்ட மனிதன்’ என்ற சொல்லை, பின்னால் அமெரிக்க ஜனாதிபதியான ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட் 1932இல் வானொலிப் பேச்சில் சொல்ல, அது ஊரெல்லாம் பரவியது. படம் அந்தச் சொல்லையே பிடித்துக்கொள்கிறது. நியூயார்க் பணக்காரர்கள் ஒரு பெரிய ஹோட்டலில் கூடி, யாருக்கும் வேண்டாத பொருட்களைத் தேடிக் கொண்டுவரும் போட்டி நடத்துகிறார்கள். ஒருவர் ஆட்டைப் பிடித்துவருகிறார். பட்டியலில் ‘மறக்கப்பட்ட மனிதன்’ என்றும் ஒரு அயிட்டம் உண்டு. உயிரோடு ஒரு ஆள் வேண்டும்!

ஆற்றோரக் குப்பைமேட்டில் காட்ஃப்ரி உட்கார்ந்திருக்கிறார். புல்லக் குடும்பத்து மூத்த மகள் கார்னீலியா வந்து ஐந்து டாலர் தருகிறேன், வா என்கிறாள். அவர் எழுந்து ஒரு அடி முன்னால் வைக்கிறார், அவள் பின்வாங்குகிறாள், போய்ச் சாம்பல் குவியலில் விழுகிறாள். இதைப் பார்த்துக்கொண்டிருந்த தங்கை ஐரீனுக்குச் சிரிப்பு தாங்கவில்லை. அக்காவை இப்படித் தள்ளிவிட வேண்டும் என்பது அவளுடைய நெடுநாள் ஆசை. அக்கா ஜெயிக்கக் கூடாது என்பதற்காகக் காட்ஃப்ரி ஐரீனோடு போகிறார். ஹோட்டலில் அவரை மேடையில் ஏற்றி, நீ நிஜமாகவே மறக்கப்பட்ட மனிதன்தானா என்று கேள்வி கேட்டுச் சரிபார்க்கிறார்கள். அவர் கூட்டத்தைப் பார்த்து நறுக்கென்று நாலு வார்த்தை சொல்லிவிட்டுக் கிளம்பப் பார்க்கிறார். ஐரீன் அவரை அங்கேயே பட்லர் வேலைக்கு எடுத்துவிடுகிறாள்.

அடுத்த நாள் காலை, நகைச்சுவையும் வேலையும் ஒன்றாகக் கலக்கும் பகுதி வருகிறது. வேலைக்காரப் பெண் மாலி, இந்த வீட்டில் பட்லர்கள் நிலைப்பதில்லை என்று முதலிலேயே எச்சரித்துவிட்டு, தட்டைக் கையில் கொடுத்து மாடிக்கு அனுப்புகிறாள். ராத்திரி குடித்த குடியில் அம்மா ஏதேதோ குட்டி உருவங்களைக் கண்முன் பார்த்துக்கொண்டு படுத்திருக்கிறார். மகள் ஒருத்தி முந்தின இரவு குதிரையோடு நூலக அறைக்குள் நுழைந்திருக்கிறாள். இந்தப் பைத்தியக்கார ஆஸ்பத்திரியில் நிதானமாக நடக்கும் ஒரே ஆள் பட்லர். காட்ஃப்ரியாக வரும் வில்லியம் பவல் முகத்தில் ஒரு தசை அசைவதில்லை. குரலை ஏற்றுவதுமில்லை. தக்காளிச் சாற்றை நீட்டும் அந்த மரியாதையிலேயே மொத்தக் குடும்பத்தையும் எடைபோட்டுவிடுகிறார்.

ஐரீனாக வரும் கரோல் லொம்பார்டும் பவலும் நிஜத்தில் கணவன் மனைவியாக இருந்து 1933இல் விவாகரத்து வாங்கியவர்கள். அந்தக் கசப்பு துளிகூடத் திரையில் இல்லை. ஐரீன் மயக்கம் போட்டதுபோல் நடிக்க, காட்ஃப்ரி அவளை உடையோடு தூக்கிப்போய்க் குளிர்ந்த ஷவருக்கடியில் நிறுத்துகிறார். அவள் சொட்டச் சொட்ட நனைந்தபடி, அவருக்கு என்மேல் காதல் என்று கத்திக்கொண்டு வீடெல்லாம் ஓடுகிறாள். இதைப் பார்த்துச் சிரிக்காதவரோடு நான் சினிமா பேசுவதில்லை.

ஆனால் என் கேள்விக்குப் படம் பதில் சொல்லும்போது எனக்குக் கொஞ்சம் வலிக்கிறது. காட்ஃப்ரி உண்மையில் பாஸ்டனின் பெரிய குடும்பத்துப் பிள்ளை, ஹார்வர்டில் படித்தவர். காதல் தோல்வியில் குப்பைமேட்டுக்கு வந்தவர். அவரைத் திருடனாக்க மெத்தைக்கடியில் கார்னீலியா ஒளித்துவைத்த முத்து மாலை இருக்கிறதே, அதை அடகு வைத்துப் பங்குச் சந்தையில் பணம் பண்ணுகிறார். அந்தப் பணத்தில் புல்லக் குடும்பத்தைத் திவாலிலிருந்து காப்பாற்றுகிறார். குப்பைமேட்டில் ‘தி டம்ப்’ என்று ஒரு நைட் கிளப் கட்டி அங்கிருந்தவர்களுக்கே வேலை கொடுக்கிறார். கேட்க நன்றாகத்தான் இருக்கிறது. வேலையின்மைக்குத் தீர்வு ஒரு நல்ல பணக்காரர் என்று சொல்லிப் படம் முடிந்துவிடுகிறது. அந்த வீட்டில் உண்மையான வேலைக்காரி மாலி ஒருத்திதான். அவளுக்கும் காட்ஃப்ரிமேல் ஆசை. அவள் கையில் கடைசியில் என்ன மிஞ்சியது என்று படம் திரும்பிக்கூடப் பார்ப்பதில்லை.

இன்னொன்றும் சொல்லவேண்டும். நடிப்புக்கான நான்கு ஆஸ்கர் பிரிவுகளிலும் முதன்முதலில் பரிந்துரை பெற்ற படம் இதுதான். எதிலும் பரிசு வரவில்லை. அந்த வருடத்துப் பரிசுகளில் யாருக்காவது மனத்தாங்கல் இருக்கிறதென்றால் என்னையும் சேர்த்துக்கொள்ளுங்கள். அப்பாவாக வரும் யூஜீன் பாலட் அந்தத் தவளைக் குரலில் பெருமூச்சு விடுவதற்கே ஒரு பரிசு தந்திருக்கலாம். அவருக்குப் பரிந்துரைகூட இல்லை.

‘சப்ரினா’ முற்றிலும் வேறு ஜாதி. பில்லி வைல்டர் படம், பாரமவுண்ட் தயாரிப்பு. லாங் ஐலண்டில் லாரபீ குடும்பத்தின் மாளிகை. அங்கே கார் ஓட்டும் ஃபேர்சைல்டின் மகள் சப்ரினா, ஆட்ரி ஹெப்பர்ன். சின்ன மகன் டேவிட்மேல் அவளுக்குச் சிறுவயதிலிருந்து பைத்தியம். மரக்கிளையில் உட்கார்ந்து விருந்தைப் பார்ப்பாள். அவன் அவளைத் திரும்பியும் பார்த்ததில்லை. பாரிஸுக்குச் சமையல் படிக்கப் போகிறாள். சூஃப்லே என்ற, ஓவனில் உப்பி எழும்பும் முட்டைப் பலகாரம் செய்யும் பாடத்தில் அவளுடையது மட்டும் எழும்பவில்லை, ஓவனைப் பற்றவைக்கவே மறந்துவிட்டாள். பக்கத்தில் நிற்கும் வயதான பிரபு ஒருவர், காதலில் சந்தோஷமாக இருக்கும் பெண் சூஃப்லேயைக் கருக்கிவிடுவாள், சந்தோஷமில்லாதவள் ஓவனைப் பற்றவைக்க மறப்பாள் என்று கண்டுபிடிக்கிறார். இரண்டு வருடம் கழித்து அவள் திரும்பும்போது ஸ்டேஷனில் காரை நிறுத்தி, யார் என்று தெரியாமலேயே லிஃப்ட் கொடுக்கிறான் டேவிட். தன் வீட்டு டிரைவர் மகள் என்பது கேட்டுக்குள் நுழையும்வரை உறைப்பதில்லை.

இந்தப் படத்தின் சிறந்த பாத்திரம் காதலர்களில் யாரும் இல்லை. டிரைவர் ஃபேர்சைல்ட்தான், ஜான் வில்லியம்ஸ் நடித்தது. வாழ்க்கையும் ஒரு லிமூசின் கார்தான், முன்சீட்டு உண்டு, பின்சீட்டு உண்டு, நடுவில் ஒரு கண்ணாடி உண்டு என்பது அவருடைய தத்துவம். பணக்காரர் ஏழையைக் கட்டினால் ஊர் அவரைச் சமத்துவவாதி என்று புகழும், பணக்காரரைக் கட்டிய ஏழையை யாரும் அப்படிப் புகழ்ந்ததில்லை என்றும் சொல்கிறார். இந்த ஒரு கருத்தை மற்ற படங்கள் எதுவும் வாய்திறந்து சொன்னதில்லை. சமையலறையில் மொத்த வேலையாட்களும் சுற்றி உட்கார்ந்து சப்ரினாவின் பாரிஸ் கடிதத்தை அப்பா வாசிக்கக் கேட்கும் காட்சியில், அந்த மாளிகைக்குள் இன்னொரு குடும்பம் இருப்பது தெரிகிறது.

பிரச்சினை, அண்ணன் லைனஸ். டேவிட்டுக்குக் கரும்பு முதலாளி டைசன் வீட்டுப் பெண்ணை நிச்சயித்திருக்கிறார்கள். கரும்பிலிருந்து பிளாஸ்டிக் செய்யும் தொழில் அந்தக் கல்யாணத்தை நம்பித்தான் இருக்கிறது. சப்ரினாவின் கவனத்தைத் திருப்பக் கணக்குப் போட்டுக் காதலிக்க இறங்குகிறார் லைனஸ். அவராக ஹம்ஃப்ரி போகார்ட். ஹெப்பர்னைவிடக் கிட்டத்தட்ட முப்பது வயது மூத்தவர். அது திரையில் தெரிகிறது. முதலில் கேரி கிராண்டைத்தான் நினைத்திருந்தார்கள். அவர் இருந்திருந்தால் இந்த ஏமாற்று விளையாட்டில் ஒரு துள்ளல் இருந்திருக்கும். போகார்ட் ஒரு வங்கி மேலாளர் கடன் கொடுப்பதுபோல் காதலிக்கிறார். டேவிட்டாக வரும் வில்லியம் ஹோல்டன், பின்பாக்கெட்டில் ஷாம்பெயின் கிளாஸ்களை வைத்துக்கொண்டு மறதியாக நாற்காலியில் உட்காரும் அந்தக் காட்சி மட்டும் எத்தனை தடவை பார்த்தாலும் கண்ணை மூடிக்கொள்ள வைக்கும்.

சப்ரினா வேலைக்காரியா? அவள் அந்த வீட்டில் ஒரு டம்ளர் கழுவி நான் பார்க்கவில்லை. பாரிஸ் உடையில் திரும்பியதும் அவள் வேறு வர்க்கத்தவளாகிவிடுகிறாள். எல்லாத் தடையையும் உடைதான் உடைக்கிறது. அந்த உடைகளில் முக்கியமானவை பிரெஞ்சு ஆடைக் கலைஞர் ஜிவான்ஷி வடிவமைத்தவை. ஆடை அலங்கார ஆஸ்கரோ, பட்டியலில் பெயர் போட்டிருந்த எடித் ஹெட்டுக்குப் போனது. முதலாளி யார், வேலை செய்தவர் யார் என்ற கதை படத்துக்கு வெளியிலும் நடந்திருக்கிறது.

இன்னொரு எச்சரிக்கை. படத்தின் தொடக்கத்தில் சப்ரினா கராஜுக்குள் கார்களின் இன்ஜினை ஓடவிட்டுத் தற்கொலைக்கு முயல்கிறாள். நகைச்சுவையாகத்தான் எடுத்திருக்கிறார்கள். இருந்தாலும் பதின்ம வயதுப் பிள்ளைகளோடு பார்ப்பவர்கள் முன்கூட்டியே தெரிந்துகொள்வது நல்லது. 1995இல் ஹாரிசன் ஃபோர்டை வைத்து ரீமேக் செய்தார்கள். இந்தியில் 1994இன் ‘யே தில்லகி’க்கு மூலமும் இதுதான்.

சரி, ‘க்ளூனி பிரவுன்’. எர்ன்ஸ்ட் லூபிட்ஷ் முழுமையாக முடித்த கடைசிப் படம்; அடுத்த வருடமே காலமானார். மார்ஜரி ஷார்ப்பின் நாவலிலிருந்து எடுத்தது. ஹாலிவுட் படம்தான், ஆனால் கதை நடப்பது 1938இன் இங்கிலாந்தில். லண்டன் ஃபிளாட் ஒன்றில் விருந்துக்குச் சற்று முன்னால் சிங்க் அடைத்துக்கொள்கிறது. பிளம்பருக்குச் சொல்லியனுப்பினால் பிளம்பருக்குப் பதிலாக அவர் வீட்டில் வளரும் உறவுக்காரப் பெண் க்ளூனி பையைத் தூக்கிக்கொண்டு வருகிறாள். ஜெனிஃபர் ஜோன்ஸ். சட்டைக் கையை மடக்கிவிட்டு, குழாயை ஒரு தட்டுத் தட்டுகிறாள், அடைப்பு எடுத்துவிடுகிறது. அவள் முகத்தில் வரும் அந்தத் திருப்தி இருக்கிறதே, மற்ற இரண்டு படங்களிலும் யாரும் தன் வேலையை இவ்வளவு ஆசையாகச் செய்யவில்லை.

பெண்ணாகப் பிறந்தவள் குழாய் ரிப்பேர் செய்வதா, ரிட்ஸ் ஹோட்டலில் போய்த் தேநீர் குடிப்பதா, தன் இடம் எது என்று இவளுக்குத் தெரியவில்லையே என்பது அந்தப் பிளம்பரின் கவலை. அந்த இடத்தைக் கற்றுக்கொள்ளட்டும் என்று கிராமப்புறத்தில் கார்மல் குடும்பத்து மாளிகைக்கு வேலைக்கு அனுப்பிவிடுகிறார். ஸ்டேஷனிலிருந்து ஒரு கர்னல் தன் காரில் கொண்டுவந்து விடுகிறார். கர்னலின் காரில் வந்தவள் என்பதால் கார்மல் தம்பதி அவளை விருந்தாளி என்று நினைத்து உட்காரவைத்துத் தேநீர் கொடுக்கிறார்கள். அவளும் சந்தோஷமாகச் சாப்பிட்டபடி பேசுகிறாள். பேச்சுவாக்கில் தெரிகிறது, இவள்தான் புது வேலைக்காரி. யாரும் அதட்டவில்லை, முகம் சுளிக்கவில்லை. அதுதான் விஷயம். அந்த நல்ல மனிதர்களுக்குக் கையை எங்கே வைப்பது, கண்ணை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. அறையிலிருந்த இயல்பு அப்படியே வடிந்துபோகிறது. கப் கையில் இருக்கும்போதே அவளுடைய அந்தஸ்து மாறிவிட்டது. வர்க்கம் எப்படி வேலை செய்கிறது என்பதைக் கத்தாமல் காட்டிய இன்னொரு காட்சி இந்த வகைப் படங்களில் எனக்குத் தெரிந்து இல்லை.

அப்புறம் பட்லரும் வீட்டு நிர்வாகியம்மாளும். முதலாளிகளைவிட இவர்கள்தான் ஆசாரம் பார்க்கிறவர்கள். யார் யாரிடம் எப்போது வாய்திறக்கலாம் என்பதெல்லாம் இவர்கள் கையிலுள்ள சட்டம். உத்தியோகம் பார்த்தவர்களுக்கு இது புரியும். மேலதிகாரி சும்மா இருப்பார், அவருடைய அறைவாசலில் உட்கார்ந்திருப்பவர் இருக்கமாட்டார்.

காதலன் ஆடம் பெலின்ஸ்கி, சார்ல்ஸ் பாயர். நாஜிகளிடமிருந்து தப்பிவந்த செக் பேராசிரியர், சட்டைப்பையில் காசில்லை, அதே மாளிகையில் விருந்தாளி. வீட்டுப் பெரியவருக்கு ஹிட்லர் எழுதிய ‘மைன் காம்ஃப்’ புத்தகம் ஏதோ முகாம் போட்டுத் தங்குவதைப் பற்றியது என்ற அளவில்தான் உலகம் தெரியும். மகனோ ‘டைம்ஸ்’ பத்திரிகைக்குக் கடிதம் எழுதியே ஹிட்லரைத் தடுத்துவிடலாம் என்று நினைக்கிறான். லூபிட்ஷ் பெர்லினில் பிறந்த யூதர். நாஜி ஆட்சி அவருடைய குடியுரிமையைப் பறித்திருந்தது. இந்தச் சிரிப்புகளுக்கு அடியில் என்ன கிடக்கிறது என்பது அவருக்குத் தெரியும். பூங்காவில் அணிலுக்குக் கொட்டை போடுவதுதான் ஊர் வழக்கம், ஆனால் உனக்குக் கொட்டைக்கு அணிலைப் போடத்தான் பிடிக்கும் என்றால் தடுக்க நான் யார் என்று பெலின்ஸ்கி க்ளூனியிடம் சொல்வார். தன் இடம் எது என்று தெரியாதவளுக்கு ஒருவன் இதைவிடப் பெரிதாக என்ன சொல்லிவிட முடியும்?

நடுவில் வில்சன் என்ற மருந்துக்கடைக்காரர் அவளைப் பெண்பார்க்கிறார். அவருடைய அம்மாவுக்குத் தொண்டையைச் செருமுவதுதான் பாஷை. விருந்தாளிகள் கூடியிருக்கும் நேரத்தில் குழாய் மக்கர் செய்ய, க்ளூனி எழுந்துபோய்ச் சரிசெய்துவிடுகிறாள். கல்யாணப் பேச்சு அத்தோடு முடிந்தது. கைவேலை தெரிந்ததற்காக ஒரு பெண்ணை வேண்டாம் என்ற ஒரே ஹாலிவுட் மாப்பிள்ளை இவராகத்தான் இருப்பார்.

என் கேள்விக்கு இந்தப் படம் நேராக நிற்கிறது. க்ளூனி ரகசிய வாரிசு இல்லை. வீட்டு மகனும் அவளைக் கட்டுவதில்லை. அவளும் காசில்லாத அகதியும் ரயிலேறி அந்த மாளிகையையே விட்டுப் போகிறார்கள். கடைசிக் காட்சி நியூயார்க்கில் ஒரு புத்தகக் கடை வாசல். ஜன்னலுக்கு அந்தப் பக்கமிருந்து பார்க்கிறோம், பேசுவது கேட்காது. பெலின்ஸ்கி எழுதிய துப்பறியும் நாவல் சக்கைப்போடு போடுகிறது. எனக்கு ஒரு மனக்குறை: கடைசியில் அவள் கையில் ஸ்பானர் இல்லை. அவன் எழுதுகிறான், அவள் பக்கத்தில் நிற்கிறாள். 1946இல் அதற்கு மேல் எதிர்பார்ப்பது அதிகம்தான் போலிருக்கிறது.

‘தி ஃபார்மர்ஸ் டாட்டர்’ பற்றிச் சுருக்கமாக. கிராமத்திலிருந்து நர்ஸ் படிப்புக்காக வந்த ஸ்வீடிஷ் வம்சாவளிப் பெண், பணத்தை ஏமாந்து, அமெரிக்க நாடாளுமன்ற உறுப்பினர் ஒருவர் வீட்டில் வேலைக்குச் சேர்கிறாள். அரசியல் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்டு, கடைசியில் அதே வீட்டாரின் கட்சிக்கு எதிராகத் தேர்தலில் நிற்கிறாள். லொரெட்டா யங்குக்குச் சிறந்த நடிகை ஆஸ்கர் வாங்கிக்கொடுத்த படம். வேலைக்காரி வேலையை விடுவதற்குக் கல்யாணம் தவிர வேறு வழியும் உண்டு என்று காட்டியதற்காகவே மதிப்பேன். காதல் பகுதி மட்டும் உப்புச் சப்பில்லை. அந்த உறுப்பினராக வரும் ஜோசப் காட்டன் பாதி நேரம் வழிவிட்டு நிற்கிறார். தேர்தல் நேரத்தில் பார்க்க நல்ல படம்.

முதலாளி வேலைக்காரர் உறவு மட்டும் போதும், காதல் கொஞ்சம் தள்ளி இருந்தாலும் பரவாயில்லை என்பவர்கள் 1961இன் ‘கம் செப்டம்பர்’ பார்க்கலாம். முதலாளி வராத மாதங்களில் அவருடைய இத்தாலிய மாளிகையை ஹோட்டலாக்கிக் காசு பார்க்கும் நிர்வாகி அதில் உண்டு. எங்கேயோ கேட்டதுபோல் இருக்கிறதா? 1966இல் ஏவி.எம்மின் ‘அன்பே வா’ அங்கிருந்துதான் கருவை எடுத்துக்கொண்டு சிம்லாவுக்குப் போனது. நாகேஷைப் பார்த்த கண்ணுக்கு மூலத்தின் நிர்வாகி சற்றுச் சப்பென்றுதான் இருப்பார்.

இனி நடைமுறை. ‘காட்ஃப்ரி’ ஒன்றரை மணி நேரம்தான், அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியானது, அதனால் இணையத்தில் இலவசமாகவே கிடைக்கும். அதே காரணத்தால் மங்கிய, இரைச்சலான பிரிண்டுகளும் ஏராளம். பின்னால் வண்ணம் பூசிய பதிப்பும் உலவுகிறது, அதை விட்டுவிடுங்கள். பழைய படங்களைச் சீரமைத்து வெளியிடும் கிரைட்டீரியன் நிறுவனத்தின் பதிப்பு கிடைத்தால் விடக்கூடாது. நான்கு பேர் ஒரே நேரத்தில் பேசும் படம். சப்டைட்டில் இல்லாமல் பார்த்தால் பாதி நகைச்சுவை போய்விடும். ‘க்ளூனி’ சுமார் நூறு நிமிடம், பேச்சு நிதானம், சொல்லாமல் விட்டதில்தான் சிரிப்பு இருக்கிறது. கைப்பேசியைப் பார்த்துக்கொண்டே பார்க்கிற கூட்டத்துக்கு இது ஒத்துவராது. ‘சப்ரினா’ இரண்டு மணி நேரத்துக்குச் சற்றுக் குறைவு. ஆங்கிலம் எளிது, கதை நேர்கோடு, கறுப்பு வெள்ளைக்குப் பழகாத கண்ணையும் ஹெப்பர்ன் பிடித்து வைத்துவிடுவார்.

ஆகவே என் தேர்வு: இரண்டு மூன்று பேர், உட்கார்ந்து பார்க்கிற பொறுமை உள்ளவர்கள் என்றால் ‘க்ளூனி பிரவுன்’தான், யோசிக்கவே வேண்டாம். வீடு நிறைய ஆள், சத்தமாகச் சிரிக்க வேண்டும் என்றால் ‘காட்ஃப்ரி’. கடைசிப் பதினைந்து நிமிடத்தை மன்னித்துவிடுங்கள். ‘சப்ரினா’வை, பழைய படமே வேண்டாம் என்று அடம்பிடிக்கிறவரை உட்காரவைக்க மட்டும் கையில் வைத்துக்கொள்ளலாம். அவர் படம் முடிந்ததும் போகார்டைப் பற்றிப் புலம்புவார். புலம்பட்டும், அடுத்த வாரம் க்ளூனியைப் போடலாம்.